துரோப்பீமுவின் வியாதி – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற வருடம் அம்மாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. வீட்டிலும் சபையிலும் உபவாச ஜெபம் வைத்தோம். அம்மா சுகமாகிவிடுவார் என்று முழுமனதாக நம்பினேன். எட்டு மாதத்தில் இறந்துவிட்டார். துக்கம் விசாரிக்க வந்த ஊழியர் ஒருவர், "எங்கேயோ விசுவாசத்தில் குறைவு இருந்திருக்கிறது" என்று சொல்லி, சந்தேகப்படாமல் விசுவாசத்தோடு கேட்கவேண்டும் என்கிற யாக்கோபு 1:6ஐ வாசித்துக் காட்டினார். அன்றிலிருந்து ஜெபம் வரவில்லை. முழங்காலில் நின்றால் சுவரோடு பேசுவதுபோல இருக்கிறது. குறை என்னிடமா, இல்லை, கேட்பதற்கு அங்கே யாருமே இல்லையா? ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். இந்த மனதோடு அதைத் தொடரலாமா? பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

துக்க வீட்டில் அந்த வசனத்தை வாசித்திருக்கவே கூடாது. வாசித்தால் அதற்கு முந்தின வசனத்தையும் சேர்த்து வாசித்திருக்க வேண்டும். அங்கே பேச்சு ஞானம் கேட்பதைப் பற்றியது. சோதனையில் அகப்பட்டு வழி தெரியாமல் நிற்பவன் கேட்கட்டும், தேவன் "ஒருவரையும் கடிந்துகொள்ளாதவர்" என்கிறார் யாக்கோபு. வியாதியைப் பற்றி அவர் ஐந்தாம் அதிகாரத்தில்தான் பேசுகிறார். வியாதிப்பட்டவர் சபையின் மூப்பர்களை வரவழைக்கட்டும், அவர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்கட்டும் என்கிறார். "விசுவாசமுள்ள ஜெபம்" என்று அங்கே வருவது அந்த மூப்பர்களின் ஜெபம். கணக்குப் பார்த்தே ஆகவேண்டும் என்றால் அது அவர்களிடம் போகும், மகளிடம் வராது. அவர்களிடமும் அப்படிக் கணக்குக் கேட்கக் கூடாது என்பதுதான் என் எண்ணம்.

அப்போஸ்தலர் பவுலைப் பாருங்கள். எபேசுவில் அவர் உடம்பில் பட்ட உறுமால்களைக் கொண்டுபோய்ப் போட்டாலே வியாதிகள் நீங்கின என்கிறது அப்போஸ்தலர் 19. அதே எபேசு ஊர்க்காரர் துரோப்பீமு, பவுலோடு பயணம் செய்தவர். தன் உடன் ஊழியர் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் கடைசியில் பவுல் அவரைப் பற்றி ஒரே வரியில் சொல்கிறார்: "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்." அவ்வளவுதான். ஏன் சுகமாகவில்லை, யாருக்கு விசுவாசம் குறைந்தது என்ற விசாரணையே இல்லை. தீமோத்தேயுவுக்கும் வயிற்றுக் கோளாறு இருந்தது. அவருக்குப் பவுல் சொன்னது கொஞ்சம் திராட்சரசம் சாப்பிடு என்பதுதான். தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்க வேண்டும் என்று பவுலே மூன்று தரம் வேண்டினார். நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது.

இதையெல்லாம்விடப் பெரியது, சிலுவைக்கு முந்தின இரவில் கெத்செமனேயில் நடந்தது. "இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடுமானால்" என்று இயேசு முகங்குப்புற விழுந்து ஜெபித்தார். அந்தப் பாடுகளின் பாத்திரம் நீங்கவில்லை. ஜெபம் பலிக்காததற்கு விசுவாசக் குறைவே காரணம் என்பவர்கள் இந்த இடத்தில் என்ன சொல்வார்கள்? குறை உங்களிடமா என்ற உங்கள் கேள்விக்கு இதற்கு மேல் எனக்குப் பதில் தேவைப்படவில்லை. இல்லை, உங்களிடம் இல்லை.

இரண்டாவது கேள்வி கடினமானது. அங்கே யாராவது இருக்கிறாரா என்பதை வாதம் செய்து உங்களுக்கு நிரூபிக்க நான் முயலப்போவதில்லை. அம்மாவை இழந்த ஒருவருக்கு வாதங்களால் ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கேள்வியை ஜெபத்துக்கு வெளியே நிறுத்திவைத்திருக்கிறீர்கள். சந்தேகம் தீர்ந்த பிறகுதான் முழங்காலில் நிற்க வேண்டும் என்று காத்திருக்கிறீர்கள். வேதத்தில் யாரும் அப்படிக் காத்திருந்ததாகத் தெரியவில்லை. மாற்கு 9இல் பிசாசு பிடித்த பையனின் தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு கத்துகிறான். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறான். போய் முழு விசுவாசத்தோடு வா என்று இயேசு திருப்பி அனுப்பவில்லை. பையன் சுகமானான். சிறையில் கிடந்த யோவான் ஸ்நானகனும், வருகிறவர் நீர்தானா என்று ஆள் அனுப்பிக் கேட்டான். தன் சந்தேகத்தை அவன் இயேசுவிடமே கேட்டான் என்பதைக் கவனியுங்கள்.

88ஆம் சங்கீதத்தை வாசித்திருக்கிறீர்களா? நம் ஆராதனைகளில் அதிகம் வாசிப்பதில்லை. மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும். இது திரும்புவதில்லை. என் ஆத்துமாவை ஏன் தள்ளிவிடுகிறீர், ஏன் முகத்தை மறைக்கிறீர் என்று கேட்டு, தெரிந்தவர்களெல்லாம் மறைந்துபோனார்கள் என்ற இருட்டிலேயே முடிகிறது. அதையும் ஜெபம் என்றுதான் வேதத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

நீங்கள் சீர்திருத்த சபையைச் சேர்ந்தவர் என்று நினைக்கிறேன். இருந்தாலும் அன்னை தெரேசாவைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் இறந்து பத்து ஆண்டுகள் கழித்து, 2007இல், அவருடைய அந்தரங்கக் கடிதங்கள் வெளிவந்தன. நோபல் பரிசு பெற்ற 1979ஆம் ஆண்டிலேயே ஒரு குருவானவருக்கு எழுதுகிறார்: பார்க்கிறேன், ஒன்றும் தெரியவில்லை, கேட்கிறேன், ஒன்றும் கேட்கவில்லை, ஜெபத்தில் நாக்கு அசைகிறது, பேச்சு வரவில்லை. கல்கத்தாவில் பணி தொடங்கிய காலத்திலிருந்தே, பல பத்தாண்டுகளாக அவருக்கு இந்த நிலைதான். ஆனாலும் தினமும் ஜெபத்தில் உட்கார்ந்தார்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? நீண்ட ஜெபம் இப்போது வேண்டாம். சொந்த வார்த்தை வராதபோது இரவல் வார்த்தை போதும். தினமும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து, 13ஆம் சங்கீதத்தையோ 88ஐயோ வாய்விட்டு வாசியுங்கள். பிறகு, "நீர் இருக்கிறீரா என்று எனக்குத் தெரியவில்லை, அம்மாவை ஏன் விட்டுவிட்டீர்" என்று அவரிடமே சொல்லுங்கள். அதோடு எழுந்துவிடலாம். சுகமான சாட்சிகளைச் சொல்லும் கூட்டங்களுக்குக் கொஞ்ச நாள் போகாதீர்கள், அதில் பாவம் ஒன்றுமில்லை. பதில் சொல்ல அவசரப்படாத ஒரு ஆளிடம், ஒரு வயதான அத்தையோ சிநேகிதியோ யாராக இருந்தாலும் சரி, இதை மனம்விட்டுப் பேசுங்கள். அப்புறம், தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். துக்கத்தால் சோர்ந்த உடம்பில் ஜெபம் வறண்டு போவது இயல்பு.

ஞாயிறு பள்ளியை விட வேண்டாம். மத்தேயு கடைசி அதிகாரத்தில், உயிர்த்தெழுந்தவரைக் கலிலேயா மலையில் கண்டு பணிந்துகொண்டபோதும் "சிலரோ சந்தேகப்பட்டார்கள்" என்று இருக்கிறது. அந்தச் சிலரைத் தனியாக ஒதுக்கி வைக்காமல்தான் இயேசு, புறப்பட்டுப் போய் உபதேசம் பண்ணுங்கள் என்றார். வகுப்பில் ஒரு பிள்ளை, "நாம ஜெபம் பண்ணினோமே அக்கா, அம்மா ஏன் செத்துப்போனாங்க?" என்று கேட்டால், "எனக்குத் தெரியலம்மா, எனக்கும் அழுகையாத்தான் வருது" என்று சொல்லுங்கள். நம்பிக் கேட்டால் நிச்சயம் சுகம் கிடைக்கும் என்று மட்டும் சொல்லிக்கொடுக்காதீர்கள். நாளைக்கு அந்தப் பிள்ளையின் வீட்டிலும் ஒருவர் வியாதியாகப் படுக்கலாம்.

அன்புடன்