புகைபோக்கிக்கு யார் அளவு வைக்கிறார்கள்? – நச்சுக் காற்று குறித்துச் சில கேள்விகளும் பதில்களும்

வடசென்னைக் குடியிருப்போர் எழுதி அனுப்பிய கேள்விகளுக்கு, மாசுக் கட்டுப்பாட்டுப் பணியில் நெடுங்காலம் இருந்த சுற்றுச்சூழல் பொறியாளர் ஒருவர் பதிலளிக்கிறார்.

மணலி, பள்ளி ஆசிரியை: எங்கள் பகுதி ஆலைகள் எந்த நச்சை எவ்வளவு வெளியேற்றலாம் என்பதை முடிவு செய்வது யார்? மத்திய அரசா, மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியமா?

இருவரும்தான். ஆனால் இருவரின் வேலையும் வேறு வேறு. 1986-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் அட்டவணைகளில் மத்திய அரசு நாடு முழுமைக்குமான வரம்புகளை வைத்திருக்கிறது. தொழில்வாரியாகத் தனி வரம்பு இல்லாத இடங்களில் பொது வரம்புகள் பொருந்தும். ஒரு இயல்புக் கன மீட்டர் (நிலையான வெப்ப, அழுத்த நிலைக்குக் கணக்கிட்ட கன மீட்டர்) புகையில் ஈயம் 10 மில்லிகிராம், பாதரசம் 0.2, குளோரின் 15, ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி 35 என்பவை அவற்றில் சில. இந்த எண்களை ஒரு குறிப்பிட்ட ஆலையின் குறிப்பிட்ட புகைபோக்கியோடு இணைப்பது மாநில வாரியத்தின் இசைவாணை, அதாவது அனுமதி ஆணை. 1981-ம் ஆண்டின் காற்றுச் சட்டம், 21-ம் பிரிவின்படி, கட்டத் தொடங்கும் முன் நிறுவுவதற்கான இசைவாணையும், ஓட்டத் தொடங்கும் முன் இயக்குவதற்கான இசைவாணையும் பெற்றாக வேண்டும். எந்தக் கொதிகலனுக்கு எத்தனை மீட்டர் உயரப் புகைபோக்கி, அதில் புகையைத் திரவத்தால் கழுவும் ஸ்க்ரப்பரா, துணிப் பைகளில் வடிகட்டும் பேக் ஃபில்டரா என்பதெல்லாம் அந்த ஆணையில் இருக்கும்.

பலரும் அறியாத ஒன்று உண்டு. அந்த 1986-ம் ஆண்டு விதிகளின் 3-ம் விதி, 2-ம் உட்பிரிவு, காற்றின் நிலையைக் கருதி, காரணங்களை எழுத்தில் பதிந்து, மத்திய வரம்பைவிடக் கடுமையான வரம்பை ஒரு குறிப்பிட்ட ஆலைக்கு வைக்க மாநில வாரியத்துக்கு அதிகாரம் தருகிறது. மத்திய வரம்பு என்பது தரை. அதற்கு மேல் எவ்வளவு கண்டிப்பு என்பதை உள்ளூரில் முடிவு செய்யலாம். மணலி போன்ற இடத்தில் மக்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அந்த அதிகாரம் பயன்படுத்தப்பட்டதா என்பதே.

திருவொற்றியூர் வாசி: செயலியில் காற்றுத் தரக் குறியீடு பச்சையாக இருக்கிறது. ஆனால் இரவில் மூக்கைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. எதை நம்புவது?

மூக்கை நம்புங்கள். குறியீடு எட்டு மாசுகளிலிருந்து மட்டும் கணக்கிடப்படுகிறது: இரு வகை நுண்துகள்கள், நைட்ரஜன் டை ஆக்சைடு, கந்தக டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன், அம்மோனியா, ஈயம். 2009 நவம்பரில் வெளியான தேசியக் காற்றுத் தர வரம்புகளில் பென்சீன், பென்சோபைரீன், ஆர்செனிக், நிக்கல் ஆகிய நான்கும் சேர்ந்து பன்னிரண்டு இருக்கின்றன. புற்றுநோயோடு தொடர்புடைய இந்த நான்கும் குறியீட்டில் இல்லை. ஆகவே பென்சீன் ஆண்டுச் சராசரி வரம்பான 5 மைக்ரோகிராமைத் தாண்டினாலும் செயலி பச்சையாகவே இருக்கக்கூடும். சில தானியங்கி நிலையங்கள் பென்சீனையும் அளக்கின்றன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் அந்த எண்ணைத் தனியாகப் பார்க்கலாம்.

ராயபுரம், சட்ட மாணவி: அமெரிக்காவில் இருப்பதுபோல் நச்சுக் காற்று மாசுகளுக்கென்று தனிப் பட்டியல் நம் சட்டத்தில் உண்டா?

இல்லை. அவர்களது தூய காற்றுச் சட்டத்தின் 112-ம் பிரிவு 1990-ல் திருத்தப்பட்டபோது 189 பொருள்களைப் பட்டியலிட்டது. அவற்றுள் ஒன்றை ஆண்டுக்கு 10 டன்னோ, பலவற்றைச் சேர்த்து 25 டன்னோ வெளியேற்றக்கூடிய ஆலை பெரிய மூலமாகக் கருதப்படும். அத்தகைய ஆலைகளுக்கு, அந்தத் தொழிலில் மிகச் சிறப்பாக இயங்கும் ஆலைகள் எட்டிக்காட்டிய அளவே குறைந்தபட்ச வரம்பு. நம்மிடம் தொழில்வாரி வரம்புகள் சிதறிக் கிடக்கின்றன. இதில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது பட்டியல் இல்லாதது அல்ல. டன் கணக்கு இல்லாதது. நம் வரம்புகளில் பெரும்பாலானவை புகையின் செறிவைத்தான் கேட்கின்றன, மொத்த எடையைக் கேட்பதில்லை.

அம்பத்தூர், குடியிருப்போர் சங்கம்: எங்கள் அடுக்ககத்து ஜெனரேட்டர் புகை அடுத்த வீட்டுக்குள் போகிறது. விதி என்ன?

புகைக்குழாய் எவ்வளவு உயரம் வேண்டும் என்று அறிய, கட்டட உயரத்தோடு, ஜெனரேட்டரின் திறனைக் காட்டும் கே.வி.ஏ. எண்ணின் வர்க்கமூலத்தில் 0.2 பங்கு மீட்டரைக் கூட்டுங்கள். 400 கே.வி.ஏ. என்றால் மொட்டை மாடிக்கு மேல் 4 மீட்டர்.

கொடுங்கையூர் வாசி: மாநகராட்சி இங்கே குப்பை எரிஉலை கொண்டுவரத் திட்டமிட்டிருக்கிறது. புகையை இருபத்து நான்கு மணி நேரமும் கருவி அளந்து வாரியத்துக்கு அனுப்பும் என்கிறார்கள். அது போதாதா?

போதாது. புகைபோக்கியில் பொருத்தும் தொடர் கண்காணிப்புக் கருவி நுண்துகள், கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடு, ஹைட்ரோகுளோரிக் அமிலம் போன்றவற்றைத்தான் அளக்கும். குப்பை எரிப்பில் உருவாகும், நாம் அஞ்சும் கொடிய நச்சான டையாக்சினை அது பார்ப்பதில்லை. 2016-ம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் வகுத்த 0.1 நானோகிராம் வரம்பைச் சரிபார்க்க, புகையை ஆறு முதல் எட்டு மணி நேரம் உறிஞ்சியெடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த எட்டு மணி நேரத்தில் உலை எப்படி ஓடியது, மற்ற நாள்களில் எப்படி ஓடுகிறது என்பதே கேள்வி.

டையாக்சின் உலைக்குள் அழிந்தாலும், புகை 450 டிகிரியிலிருந்து 200 டிகிரிக்கு மெதுவாகக் குளிரும்போது சாம்பல் துகள்களின் மேல் மீண்டும் உருவாகும். அதை அழிக்கத்தான் உலையின் இரண்டாம் அறையில் 950 டிகிரி வெப்பமும், புகை அங்கே இரண்டு விநாடி தங்குவதும் கேட்கப்படுகின்றன. அது மீண்டும் உருவாகும் என்பதால்தான் புகையை விரைவாகக் குளிர்விப்பதும், தூளாக்கிய கரியைத் தூவிப் பேக் ஃபில்டரில் பிடிப்பதும் அவசியமாகின்றன. நம் குப்பையின் ஈரம் அந்த வெப்பத்தைக் கீழே இழுக்கக்கூடியது. எனவே இசைவாணையில் நிபந்தனைகளாகக் கேட்க வேண்டியவை: அறை வெப்பத்தின் தொடர் பதிவு, நாள்தோறும் செலவான கரியின் எடை, உலையை ஏற்றி இறக்கும் நேரங்களின் பதிவு, வடிகட்டியைத் தவிர்த்துப் புகை வெளியேறிய ஒவ்வொரு முறையின் பதிவு. கடைசியாகச் சொன்னதை எந்த ஆலையும் தானாகத் தராது.

இன்னொரு எச்சரிக்கை. ஆக்சிஜன் சதவீதத்தைக் காட்டாத அறிக்கையை நம்பாதீர்கள். எரிஉலை வரம்புகள் 11 சதவீத ஆக்சிஜனுக்குத் திருத்திக் கணக்கிட வேண்டியவை. புகையோடு வெளிக்காற்று கலந்தால் செறிவு தானாகக் குறையும். கருவி 30 மில்லிகிராம் நுண்துகள் காட்டுகிறது, ஆக்சிஜன் 16 சதவீதம் என்று வையுங்கள். வெளிக்காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். 21-லிருந்து 11 போக 10. 21-லிருந்து 16 போக 5. பத்தை ஐந்தால் வகுக்க 2. முப்பதை இரண்டால் பெருக்க, 60. வரம்போ 50. அறிக்கையில் தேர்ச்சி, உண்மையில் தோல்வி.

ஓய்வுபெற்ற கொதிகலன் பொறியாளர்: ஐயா, தாங்கள் மக்களை அச்சுறுத்துகிறீர்கள். 0.1 நானோகிராம் என்பது ஐரோப்பிய வரம்பும்தான். நவீன உலைகள் அதை எட்டுகின்றன.

எட்டுகின்றன, மறுக்கவில்லை. எண் ஒன்றுதான்; ஆனால் ஐரோப்பிய விதி முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், பிறகு ஆண்டுக்கு இருமுறையேனும் டையாக்சினை அளக்கச் சொல்கிறது. எண்ணை மட்டும் கடன் வாங்கிவிட்டு அளக்கும் முறையை அங்கேயே விட்டுவிட்டால் அது அதே வரம்பு ஆகாது.

அதே பொறியாளர்: ஒவ்வொரு புகைபோக்கியும் வரம்புக்குள் இருந்தால் ஊர்க் காற்று தானாகச் சரியாக இருக்கும் அல்லவா? இதற்கு மேல் ஒரு தொழிலதிபரிடம் என்ன கேட்க முடியும்?

இதைத்தான் நான் முழுமூச்சாக மறுக்கிறேன். மணிக்கு இரண்டு லட்சம் இயல்புக் கன மீட்டர் புகை விடும் ஒரு புகைபோக்கி, 50 மில்லிகிராம் வரம்பைச் சரியாகக் கடைப்பிடித்தால் மணிக்கு 10 கிலோ, நாளைக்கு 240 கிலோ துகள் வெளிவரும். அதே போல ஐந்து புகைபோக்கிகள் ஒரே வட்டாரத்தில் இருந்தால் 1,200 கிலோ. ஐந்துமே சட்டப்படி குற்றமற்றவை. வரம்புக்குள் இருப்பதாக எல்லோரும் சொல்லிக்கொள்ளும் ஊர்தான் 2009-ல் மத்திய வாரியம் மிகக் கடுமையாக மாசுற்றவை என்று வகைப்படுத்திய 43 தொழிற்பகுதிகளில் ஒன்றாக நின்றது. மணலியைத்தான் சொல்கிறேன். இசைவாணை ஒரு வாசலில் நிற்கும் காவலர் போன்றது. தெருவில் எத்தனை பேர் கூடிவிட்டார்கள் என்று அவர் எண்ணுவதில்லை. தொழிலதிபரிடம் கேட்பதற்கு முன்னால், புதிய இசைவாணை தரும்போது அந்த வட்டாரத்தின் மொத்தச் சுமையை வாரியம் கணக்கிட வேண்டும் என்று கேட்கிறேன். அதற்கான அதிகாரம் முதல் பதிலில் சொன்ன 3-ம் விதியிலேயே இருக்கிறது.

அதே பொறியாளர்: அப்படிக் கடுமையாக்கினால் ஆலைகள் அண்டை மாநிலத்துக்குப் போய்விடும்.

அது பொருளாதாரம். அதை விவாதிக்க வேறு இடம் இருக்கிறது.

எண்ணூர், மீனவர் குடும்பம்: 2023 டிசம்பர் 26 இரவு கடலடிக் குழாயில் கசிந்த அம்மோனியா எந்த வரம்பில் வரும்?

புகைபோக்கி வரம்பு எதிலும் வராது. காற்றில் அம்மோனியாவுக்கு 24 மணி நேர வரம்பு 400 மைக்ரோகிராம் என்று இருக்கிறது. ஆனால் சில நிமிடங்களில் மூச்சைத் திணறவைக்கும் கசிவை நாள் சராசரியால் அளப்பதில் பொருளில்லை. அதற்கு உரியவை 1989-ம் ஆண்டின் அபாயகரமான வேதிப்பொருள் விதிகளும் 1996-ம் ஆண்டின் வேதி விபத்து விதிகளும். ஆலைக்கு வெளியே செயல்படுத்த வேண்டிய அவசரகாலத் திட்டத்தில் உங்கள் குப்பத்தின் பெயர் இருக்கிறதா, நள்ளிரவில் யார் எப்படி எச்சரிப்பார்கள் என்று எழுதியிருக்கிறதா என மாவட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

தண்டையார்பேட்டை வாசி: குறியீடு மஞ்சளாக இருந்தால் பென்சீன் அதிகம் என்று பொருளா?

குறியீட்டில் பென்சீன் இல்லை. மேலே எழுதியிருக்கிறேன்.

மாதவரம், தாய்: குழந்தைக்கு அடிக்கடி இளைப்பு. எந்த முகக்கவசம் நல்லது?

மருத்துவரிடம் கேளுங்கள். நான் பொறியாளன்.

வியாசர்பாடி வாசி: செயலியில் பச்சை என்று காட்டுகிறதே, பிறகு ஏன்…

திருவொற்றியூர்க்காரருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். மூன்றாம் முறை எழுதுவதாக இல்லை.

சின்ன மணலி, இளைஞர் மன்றம்: புகார் கொடுத்தால் ஆய்வு செய்தோம், வரம்புக்குள் உள்ளது என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். என்ன செய்வது?

நாற்றம் அடிக்கிறது என்று எழுதும் புகாரை மூடுவது எளிது. தேதி, நேரம், காற்று எத்திசையிலிருந்து வீசியது, எவ்வளவு நேரம் நீடித்தது ஆகியவற்றை ஒரு நோட்டில் பதிந்து, மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்குத் தொகுத்து அனுப்புங்கள். இரவு நேரப் பதிவுகளுக்குப் பகல் ஆய்வு பதிலாகாது என்பதை அதே கடிதத்தில் சுட்டுங்கள்.

தண்டனையைப் பொறுத்தவரை, 2023-ம் ஆண்டின் ஜன் விஸ்வாஸ் சட்டம் காற்றுச் சட்டத்தில் செய்த திருத்தம் 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பெரும்பாலான மீறல்களுக்குச் சிறைக்குப் பதிலாக 10,000 முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம். பெரிய ஆலைக்கு 15 லட்சம் உறைக்காது என்பது என் கருத்து. ஆலையை மூடவும் மின்சாரத்தைத் துண்டிக்கவும் ஆணையிடும் 31-ஏ பிரிவு இன்றும் இருக்கிறது. உங்கள் மனுவில் அந்தப் பிரிவைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேட்க வேண்டியவை: நடப்பில் உள்ள இயக்குவதற்கான இசைவாணையின் முழுப் படி, கடைசி இரண்டு ஆண்டுகளின் புகைபோக்கி ஆய்வறிக்கைகள், தொடர் கண்காணிப்புக் கருவி இயங்காமல் நின்ற நேரங்களின் பட்டியல். முப்பது நாளில் பதில் வர வேண்டும். அறிக்கை கைக்கு வந்ததும் எரிஉலையோ கொதிகலனோ எதுவாயினும், முதலில் ஆக்சிஜன் சதவீதம் எழுதப்பட்ட கட்டத்தைத் தேடுங்கள். அது காலியாக இருந்தால், அந்தக் காலிக் கட்டத்தையே அடுத்த மனுவின் முதல் கேள்வியாக வையுங்கள்.