ஆட்டுக்கடாவும் ஐந்தில் ஒரு பங்கும்

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். பலிகளின் சட்டங்களைச் சொல்லும் லேவியராகமம் பற்றி நீங்கள் எழுதிவருவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். இயேசுவை மேசியாவாக ஏற்றுக்கொண்ட யூதர்கள் எழுதிய சில கட்டுரைகளைச் சமீபத்தில் படித்தேன். கி.பி. 70-ல் எருசலேம் ஆலயம் இடிந்தபின் பலி இல்லை, இரத்தம் இல்லை, ஆகவே மேசியாவை ஏற்காத யூதர்களுக்குப் பாவநிவிர்த்தியே இல்லை என்கிறார்கள். எனக்கு நாலு கேள்விகள். தேவனுக்கு ஏன் இரத்தம் தேவைப்பட்டது? ஜனங்களின் பாவத்தைச் சுமத்தி வனாந்தரத்துக்கு ஒரு ஆட்டை அனுப்புகிறார்களே, அது போய்ச்சேரும் அசாசேல் என்பது பிசாசா? பாவம் மன்னிக்கப்பட்டதற்கு அடையாளமாக வெள்ளையாக மாறும் ஆலயத்தின் சிவப்பு நூல் கடைசி நாற்பது வருடம் மாறவில்லை என்று ரபிகளின் பழைய விவாதத் தொகுப்பான தல்மூத் சொல்கிறதாமே, அது இயேசுவின் மரணத்துக்குச் சாட்சியா? யூதர்களின் பாவநிவிர்த்தி நாளான யோம் கிப்பூரில் நாமும் உபவாசம் இருக்கலாமா?

இரத்தம் இல்லாமல் அந்த மக்கள் எப்படித்தான் நிம்மதியாக இருக்கிறார்களோ, பாவமாக இருக்கிறது. எனக்கு அந்தக் கவலை இல்லை. அப்பா இறந்தபின் வீடு விற்ற பணத்தில் அக்காவுக்குத் தெரியாமல் ஒரு பகுதியை நான் எடுத்துக்கொண்டேன். அழுது ஜெபித்து அறிக்கை செய்துவிட்டேன். இரத்தத்தால் கழுவப்பட்டேன் என்ற நிச்சயம் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் வாசகன்

*

அன்புள்ள தம்பிக்கு,

இப்படிப்பட்ட கேள்விகளுக்கு வழக்கமாகத் தனி மின்னஞ்சலில் நாலு வரி எழுதிவிடுவேன். இதற்குப் பொதுவில் பதில் எழுதுகிறேன். லேவியராகமம் ஆறாம் அதிகாரத்தின் முதல் ஏழு வசனங்கள் கொஞ்ச காலமாகவே என்னை விடாமல் பிடித்திருக்கின்றன. உங்கள் கடிதத்தின் கடைசி வரிகள் நேராக அங்கே வந்து நிற்கின்றன.

அசாசேலைத் தள்ளிவைப்போம். ஏனோக்கின் புத்தகம் என்ற பழைய யூத நூல் அவனை விழுந்துபோன தூதன் என்கிறது, தல்மூத்தின் ரபிகள் அதைக் கரடுமுரடான மலை என்கிறார்கள், நம் தமிழ் வேதாகமம் போக்காடு என்று வைத்தது. எது சரியானாலும் ஜனங்களின் அக்கிரமங்கள் பாளயத்தை விட்டு வனாந்தரத்துக்குப் போய்விட்டன. அது போதும். சிவப்பு நூல் கதை தல்மூத்தில் இருப்பது உண்மைதான். அதை வைத்து விசுவாசத்தைக் கட்டாதீர்கள். ஏசாயாவும் சங்கீதங்களும் கையில் இருக்கும்போது நூலைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை.

இரத்தம் ஏன் என்று கேட்டீர்கள். தேவனுக்கு அது தேவைப்படவில்லை. எருதுகளின் மாம்சத்தைத் தின்பேனோ, ஆட்டுக்கடாக்களின் இரத்தத்தைக் குடிப்பேனோ என்று ஐம்பதாம் சங்கீதத்தில் அவரே கேட்கிறார். லேவியராகமம் 17:11-ஐ நிதானமாக வாசியுங்கள். மாம்சத்தின் உயிர் இரத்தத்தில் இருக்கிறது, அதைப் பலிபீடத்தின்மேல் உங்களுக்குக் கொடுத்தேன் என்கிறார். அங்கே கொடுப்பவர் அவர், வாங்குபவர்கள் நாம். யோம் கிப்பூர் சடங்கைச் சொல்லும் பதினாறாம் அதிகாரத்தில் பிரதான ஆசாரியன் முதலில் தனக்காகவும் தன் வீட்டாருக்காகவும் காளையைப் பலியிடுகிறான், அப்புறம் ஜனங்களுக்காக வெள்ளாட்டை. அந்த இரத்தம் ஜனங்கள்மேல் தெளிக்கப்படுவதில்லை. திரைக்கு உள்ளே, உடன்படிக்கைப் பெட்டியின் மூடியான கிருபாசனத்தின்மேலும் அதற்கு முன்பாகவும் தெளிக்கப்படுகிறது. இஸ்ரவேலரின் தீட்டுகளினிமித்தம் பரிசுத்த ஸ்தலத்துக்கே பிராயச்சித்தம் செய்ய வேண்டியிருந்தது. எங்கோ ஒரு கூடாரத்துக்குள் ஒருவன் தன் அயலானை ஏமாற்றினால் கறை தேவனுடைய வீட்டில் படிகிறது. அப்படிப்பட்ட ஜனத்தின் நடுவில்தான் அவர் குடியிருக்கச் சம்மதித்தார்.

சரி, இப்போது கோபப்பட வேண்டிய இடம். யூதர்களைப் பார்த்துப் ‘பாவமாக இருக்கிறது’ என்ற வரியை நீங்கள் எழுதியிருக்கக் கூடாது. முதலில், மோசேயின் நியாயப்பிரமாணமான தோரா உங்களைவிட இளகிய மனம் உள்ளது. ஆடு வாங்க வசதியில்லாதவன் இரண்டு புறாவைக் கொண்டுவரலாம். அதற்கும் வழியில்லையென்றால் ஒரு எப்பாவில் பத்தில் ஒரு பங்கு மாவு, அதாவது ஏறக்குறைய இரண்டு லிட்டர், எண்ணெயும் இல்லாமல் தூபவர்க்கமும் இல்லாமல். லேவியராகமம் ஐந்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. அதில் ஒரு சொட்டு இரத்தம் இல்லை, ஆனால் அவனுக்கு மன்னிக்கப்படும் என்று எழுதியிருக்கிறது.

இரண்டாவது, ஆலயம் எரிந்தபின் அந்த மக்கள் கைகட்டி உட்கார்ந்திருக்கவில்லை. மனுஷனுக்கும் தேவனுக்கும் இடையிலான பாவங்களை யோம் கிப்பூர் நிவிர்த்தி செய்யும், மனுஷனுக்கும் அவன் அயலானுக்கும் இடையிலானவற்றை, அவன் அந்த அயலானைச் சமாதானப்படுத்தும்வரை யோம் கிப்பூரும் நிவிர்த்தி செய்யாது என்று ரபிகளின் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் எழுதிவைத்தார்கள். திருடிய உத்திரத்தை வைத்து ஒருவன் மாளிகையே கட்டிவிட்டால் என்ன செய்வது என்று, ஆலய நாட்களிலேயே தொடங்கிய அவர்களின் இரண்டு பெரிய போதனைப் பள்ளிகள் விவாதித்தன. மாளிகையை இடித்து உத்திரத்தைத் திருப்பிக் கொடு என்றது ஷம்மாயின் பள்ளி. இடிக்கச் சொன்னால் மனந்திரும்ப நினைக்கிறவன் பயந்து ஓடிவிடுவான், விலையைக் கொடுத்தால் போதும் என்றது ஹில்லேலின் பள்ளி. கொடுக்க வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வி இரண்டு பள்ளிகளிலும் எழவே இல்லை. அக்காவின் பணத்தை வைத்துக்கொண்டு நிச்சயத்தோடு இருக்கும் நீங்கள் இவர்களைப் பார்த்து இரக்கப்படுகிறீர்கள்.

நான் மேசியாவை விசுவாசிக்கிறவன். ஏசாயா 53-ல் மற்றவர்களின் பாவத்தைச் சுமக்கும் தாசன் இயேசுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். அந்த அதிகாரத்தின் பத்தாம் வசனத்தில் அவர் தம்மை எந்தப் பலியாக ஒப்புக்கொடுக்கிறார்? சர்வாங்க தகனபலியாக அல்ல. யோம் கிப்பூர் ஆட்டைப்போலப் பாவநிவாரணபலியாகவும் அல்ல. குற்றநிவாரணபலியாக. தோராவில் அந்தப் பலியின் சட்டம் எது? நான் சொன்ன அந்த ஆறாம் அதிகாரம். அயலான் ஒப்புவித்த பொருளை இல்லையென்று சொன்னவன், பறித்தவன், இடுக்கண் செய்து வாங்கியவன், காணாமற்போனதைக் கண்டெடுத்து மறைத்தவன், இவர்கள் எல்லோரையும் கர்த்தருக்கு விரோதமாக அநியாயம் செய்தவர்கள் என்று அது சொல்கிறது. எடுத்த முதலைக் கொடுக்க வேண்டும். அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, உரியவன் கையில் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆட்டுக்கடா பேச்சு வருகிறது. ஆசாரியன் கைக்கு ஆடு போகிறது, அயலான் கைக்குப் பணம் போகிறது. ஏசாயா 53-ல் மேசியா நின்றது ஆட்டுக்கடாவின் இடத்தில். உங்கள் அக்காவுக்குப் போகவேண்டிய முதலும் ஐந்தில் ஒரு பங்கும் இன்னும் உங்கள் வங்கிக் கணக்கில்தான் இருக்கின்றன.

அத்தையை நினைக்காமல் இதை என்னால் எழுத முடியவில்லை. என் அப்பாவின் அக்கா, குழந்தை இல்லாதவர். சபையில் ஒரு பெரியவர் மகள் கல்யாணத்துக்கு முடை என்று வந்து நின்றார். அத்தை இரண்டு வளையல்களைக் கழற்றிக் கொடுத்தார், அடகு வைத்து மீட்டுத் தருவதாகப் பேச்சு. வரவில்லை. அடுத்த கன்வென்ஷன் கூட்டத்தில் அந்தப் பெரியவர் மேடை ஏறிச் சாட்சி சொன்னார். பிறர் பொருளை ஏமாற்றியிருக்கிறேன், ஆண்டவர் எல்லாவற்றையும் தம் இரத்தத்தால் கழுவிவிட்டார் என்று தேம்பித் தேம்பி அழுதார். கூட்டம் முழுவதும் அல்லேலூயா சொன்னது. பெண்கள் பக்கத்தில் அத்தை மடியில் சாய்ந்து நான் உட்கார்ந்திருந்தேன். அத்தையும் சொன்னார். மறுநாள் அடுப்படியில் அம்மாவிடம் அவர் சொன்னது எனக்கு இப்போதும் கேட்கிறது: “ஆண்டவரே மன்னிச்சிட்டார்னா, இனி நான் எந்த வாயால கேக்குறது?”

தம்பி, அந்த வார்த்தையை யோசித்துப் பாருங்கள். அந்தச் சாட்சிக்கு முன்பு அத்தைக்கு வளையல் மட்டும்தான் போயிருந்தது. அதற்குப் பின் கேட்கிற உரிமையும் போய்விட்டது. திருடுகிறவன்கூட இதைச் செய்வதில்லை. நாம் செய்கிறோம், அதுவும் மேசியாவின் இரத்தத்தின் பேரால்.

அத்தை இறந்தபோது அதே பெரியவர் துக்கம் விசாரிக்க வந்து, கொடுக்க நினைத்தேன், இனி யாரிடம் கொடுப்பது என்றார். என் அப்பா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். எண்ணாகமம் ஐந்தாம் அதிகாரம் இதற்கும் வழி சொல்கிறது. பாவத்தை அறிக்கையிட்டு, முதலும் ஐந்தில் ஒன்றும் கொடுக்க வேண்டும். வாங்கிக்கொள்ள உறவின்முறையான் இல்லாவிட்டால் அது கர்த்தருக்கென்று ஆசாரியனைச் சேரும். எடுத்தவன் வீட்டில் அது தங்குவதற்கு மட்டும் இடமே இல்லை.

இதைச் சொன்னபோது ஒருவர் 69-ம் சங்கீதத்தை எடுத்து என்னிடம் வாதிட்டார். எடுத்துக்கொள்ளாததைத் தாம் கொடுக்கவேண்டியதாயிற்று என்று மேசியா சொல்கிறாரே, கடனையும் அவரே அடைத்துவிட்டார் என்றார். தேவனுக்கு நான் செலுத்தவே முடியாததை அவர் செலுத்தினார், ஆமென். ஆனால் அந்த மேசியா எரிகோவில் வரி வசூலிப்பவனான சகேயுவின் வீட்டில் நின்றபோது என்ன நடந்தது? அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றான் அவன். வேண்டாம், அடுத்து எருசலேமில் நான் எல்லாவற்றையும் செலுத்தப்போகிறேன் என்று அவர் தடுத்தாரா? இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்றார். மலைப்பிரசங்கத்தைக் கேட்டவர்களில் பலர் கலிலேயர்கள். பலிபீடம் இருந்ததோ எருசலேமில், மூன்று நாள் நடை. காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று அவர்களிடம் சொன்னார். திரும்ப நடக்கச் சொன்னார்.

பரிசுத்தம் என்றால் நமக்கு வெள்ளை உடுப்பும் கண்ணீரும்தான் நினைவுக்கு வருகின்றன. நான் பரிசுத்தர், நீங்களும் பரிசுத்தராயிருங்கள் என்று சொல்லும் லேவியராகமம் பத்தொன்பதாம் அதிகாரம் வயலின் ஓரத்தை ஏழைக்கு விடச் சொல்கிறது, கூலிக்காரன் கூலியை விடியும்வரை வைத்திருக்காதே என்கிறது, தராசையும் படியையும் சரியாக வைக்கச் சொல்கிறது. பெரும்பாலான வருடங்களில் ஜெப ஆலயங்களில் பதினாறாம் அதிகாரத்தையும் இதையும் ஒரே ஓய்வுநாளில் சேர்த்து வாசிக்கிறார்கள். நாம் பதினாறில் பாட்டுப் பாடி நிறுத்திவிடுகிறோம்.

உபவாசம் பற்றிக் கேட்டீர்கள். கட்டாயம் இல்லை, இருக்க ஆசையென்றால் இருங்கள். அன்று காலை அவர்கள் வாசிப்பது ஏசாயா 58, மாலையில் யோனா. இரண்டையும் வாசியுங்கள். ஆனால் அதற்கு முன் வீடு விற்ற பத்திரத்தை எடுத்து அக்காவின் பங்கு எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். ஐந்தில் ஒரு பங்கு கூட்டுங்கள். முழுத்தொகையும் கையில் இல்லையென்றால் இருப்பதைக் கொண்டுபோய், மீதிக்குத் தேதி சொல்லுங்கள். மனைவியையோ போதகரையோ தூது அனுப்பாதீர்கள், நீங்களே போங்கள். ஆண்டவர் என்னை மன்னித்துவிட்டார் என்று அங்கே ஆரம்பிக்காதீர்கள், அத்தைக்கு நடந்தது உங்கள் அக்காவுக்கு நடக்கக் கூடாது. என்ன எடுத்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். அவர் திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். பணம் வேண்டாம் என்று அவர் சொன்னால் அது அவருடைய விருப்பம், ஆனால் அதைப் பணம் அவர் முன்னால் இருக்கும்போது அவர் சொல்ல வேண்டும்.

உங்கள்மேல் கோபத்தில் இதை எழுதவில்லை. அந்த வரிகளை நீங்கள் யாரும் கேட்காமல் எழுதினீர்கள். நிச்சயம் இருக்கிறவன் அதை எதற்கு எனக்கு எழுத வேண்டும்? உங்களுக்கே உறுத்துகிறது என்று நினைக்கிறேன், அதற்காகவே உங்கள்மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. அடுத்த கடிதத்தில் அக்கா என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்