அக்டோபர்ஃபெஸ்டுக்கு ‘என்ட்ரி டிக்கெட்’ வாங்க வேண்டுமா?

கேள்வி: செப்டம்பரில் கணவர், 4 வயது மகனுடன் ஜெர்மனி போகிறேன். மியூனிக் நகரின் அக்டோபர்ஃபெஸ்ட் பியர் திருவிழாவுக்கு ‘என்ட்ரி டிக்கெட்’ ஆளுக்கு 180 யூரோ என்று ஏஜென்ட் சொல்கிறார். பாதிப் பணத்தை உடனே கேட்கிறார். நாங்கள் குடிப்பதில்லை. கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். அந்தத் திருவிழாவுக்கு நுழைவுச்சீட்டே கிடையாது. அது நடக்கும் தெரேசியன்வீஸ மைதானத்துக்குள் யார் வேண்டுமானாலும் நடந்து போகலாம். பெரிய பியர் கூடாரங்களுக்குள் நுழையவும் காசு இல்லை.

உங்கள் ஏஜென்ட் விற்கப் பார்ப்பது கூடாரத்துக்குள் மேசை முன்பதிவாக இருக்கும். கூடாரம் நடத்துபவரிடமே பதிவு செய்தால் இடத்துக்குக் கட்டணம் இல்லை. ஆளுக்கு 2 லிட்டர் பியர், அரைக் கோழி என்பது போல ஒரு கூப்பனுக்குத்தான் முன்பணம். மேசையும் பெரும்பாலும் 8 பேர், 10 பேர் கணக்கு. இதைத் தரகர்கள் வளைத்துப் பல மடங்கு விலைக்குத் தள்ளுகிறார்கள். அப்படி விற்ற ஒரு நிறுவனத்துக்கு எதிராக 2021-ல் மியூனிக் நீதிமன்றம் தீர்ப்பே சொன்னது. இருந்தும் கூகுளில் தேடினால் இவர்கள்தான் முன்னால் வந்து நிற்கிறார்கள். கூடாரத்துக்குக் கூடாரம் தனி இணையதளம், தனித் தேதி. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே பதிவு இடம் வைத்தால் என்ன? இந்தக் குழப்பம்தான் தரகர்களுக்குச் சோறு போடுகிறது.

ஒரு சனிக்கிழமை மாலை கூடார வாசலில் ஒரு குடும்பத்தைப் பார்த்தேன். கையில் முன்பதிவுச் சீட்டின் கலர் பிரிண்ட்அவுட். காவலாளி வாசித்துவிட்டுத் தலையை ஆட்டித் திருப்பிக் கொடுத்தார். அதில் இருந்தது வேறு யாரோ பெயர். புது பவேரிய உடையில் வந்திருந்த அந்தப் பெண் தூறலில் நின்று ஏஜென்டுக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தார். அவர் எடுக்கவே இல்லை.

மூன்று பேருக்கு முன்பதிவு எதற்கு? வார நாளில் காலை 10 மணிக்குத் திறந்ததும் போங்கள், தாராளமாக இடம் கிடைக்கும். செவ்வாய்க்கிழமை குடும்ப நாள். ராட்டினங்களில் தள்ளுபடி உண்டு. 6 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் இரவு 8 மணிக்கு மேல் கூடாரத்தில் இருக்கக் கூடாது. குழந்தைத் தள்ளுவண்டி சனிக்கிழமை அறவே கூடாது, மற்ற நாட்களில் மாலை 6 வரைதான். 3 லிட்டருக்கு மேற்பட்ட பையை உள்ளே விட மாட்டார்கள்.

ஒரு விலக்கு இருக்கிறது. அதைக் காட்டித்தான் ஏஜென்ட் உங்களை மடக்குவார். மைதானத்தின் தென்கோடியில் ‘ஓய்டே வீஸ்ன்’, அதாவது பழைய திருவிழா என்று வேலி போட்ட ஒரு பகுதி பெரும்பாலான ஆண்டுகளில் உண்டு; அதே இடத்தில் வேளாண் விழா நடப்பதால் 2026-ல் மட்டும் இல்லை. 2010-ல், 200-வது ஆண்டுக்காகத் தொடங்கியது. பழங்கால ராட்டினங்கள், நாட்டுப்புற ஆட்டம், பித்தளை வாத்தியம் எல்லாம் அங்கே. அதற்கு மட்டும் டிக்கெட் உண்டு, 4 யூரோ அளவில். வாசலிலேயே வாங்கலாம், சிறுவர்களுக்கு இலவசம். இந்த 4 யூரோ அந்த வேலிக்குள் போக மட்டும்தான். மைதானத்துக்கு அல்ல, மற்றக் கூடாரங்களுக்கும் அல்ல. 180 எங்கே, 4 எங்கே!

பெயரைப் பார்த்து அக்டோபருக்கு விமானம் போட்டுவிடாதீர்கள். 2026-ல் செப்டம்பர் 19 தொடங்கி அக்டோபர் 4-ல் முடிகிறது. குடிக்காத உங்களுக்கு நான் சொல்வது முதல் ஞாயிறு காலை ஊர்வலம். ஏறக்குறைய 9,000 பேர் அவரவர் ஊர் உடையில் 7 கிலோமீட்டர் நடந்து வருவார்கள். மேடை இருக்கைக்குத்தான் சீட்டு. தெருவோரம் நிற்கக் காசில்லை. 10 மணிக்குப் புறப்படும், 9-க்கே மாக்ஸிமிலியன் தெருவில் நின்றுவிடுங்கள். பீப்பாய் வண்டி இழுக்கும் ஆனைக்குட்டி போன்ற குதிரைகளை உங்கள் மகன் பக்கத்திலேயே பார்க்கலாம்.