உள்ளே இருக்கும் அப்பா கதை படிக்கலாமா?

கேள்வி: என் மகன் சிறையில் இருக்கிறான். பேரனுக்கு ஆறு வயது. அப்பா ஜோகன்னஸ்பர்க்கில் வேலை பார்க்கிறார் என்று அவனிடம் சொல்லி வைத்திருக்கிறோம். மகன் போன் செய்தால் "சாப்பிட்டியா, ஸ்கூலுக்குப் போனியா" என்பதோடு பேச்சு தீர்ந்துவிடுகிறது, பையன் ஓடிவிடுகிறான். போனில் கதை படித்துக் காட்டச் சொல்லலாமா என்கிறாள் மருமகள். ஆனால் மகனுக்கு வாசிப்பு சரியாக வராது. அவனுக்கு அதில் வெட்கம் வேறு. என்ன செய்யலாம்?
— ஓர் ஆயா, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: மருமகள் சொல்வது நல்ல யோசனை அம்மா. தாராளமாகச் செய்யுங்கள். அதற்கு முன்னால் அந்த ஜோகன்னஸ்பர்க் பேச்சை நிறுத்திவிடுங்கள். வழக்கு விவரமெல்லாம் ஆறு வயதுக்கு வேண்டாம். "அப்பா ஒரு தப்பு செய்தார், அதனால் ஜெயிலில் இருக்கிறார். உன்னால் வந்தது இல்லை, உன் மேல் அவருக்குக் கொள்ளை ஆசை." இவ்வளவு போதும். தெருப்பிள்ளைகள் வாயிலிருந்து தெரிவதைவிட உங்கள் மடியில் உட்கார்ந்து கேட்பது மேல்.

பையன் ஓடுவது பாசம் இல்லாததால் அல்ல. பள்ளி நூலகத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவள் நான். என்ன கேட்டாலும் வாய் திறக்காத பிள்ளைகூட, புத்தகத்தை விரித்தால் படத்தில் விரலை வைத்துப் பேச ஆரம்பித்துவிடும். அதனால் ஒரே கதையில் இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று மகனுக்கு, ஒன்று பேரனுக்கு. அப்பா "திருப்பு" என்றதும் இவன் பக்கத்தைத் திருப்பட்டும். ஒரு வீட்டில் இதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அந்தக் குட்டிப்பெண் வேண்டுமென்றே பக்கத்தைத் திருப்பாமல், "ஆமை எங்கே ஒளிஞ்சிருக்கு, சொல்லுங்கப்பா" என்று அவரையே சோதித்தாள். அவரும் விடாமல் தேடி, "புல்லுக்குப் பின்னால, வால் தெரியுது" என்றார். அவளுக்கு ஒரே சிரிப்பு. போன் காசும் நேரமும் கொஞ்சம்தான், ஒரு அழைப்புக்கு இரண்டு பக்கம் போதும். கேட்ட கதையையே மறுபடி கேட்டால் மகன் சலித்துக்கொள்ள வேண்டாம், இந்த வயதில் அப்படித்தான் கேட்பார்கள்.

அந்த வெட்கத்துக்கும் வழி உண்டு. இங்கிலாந்தில் ஸ்டோரிபுக் டாட்ஸ் என்று ஒரு தொண்டு நிறுவனம், டார்ட்மூர் சிறையில் வளர்ந்தது. கைதிகள் கதை படித்துப் பதிவு செய்து பிள்ளைகளுக்கு அனுப்புகிறார்கள். வாசிக்கத் தெரியாதவருக்கு இன்னொருவர் ஒவ்வொரு வரியாகச் சொல்லித்தர, அவர் திருப்பிச் சொல்வார். தடுமாற்றத்தையும் சிறைச் சத்தத்தையும் பயிற்சி பெற்ற கைதிகளே வெட்டி எடுத்துவிடுவார்கள். பிள்ளைக்கு அப்பா குரலில் முழுக்கதை கிடைத்துவிடும். உங்கள் மகனும் உடன் இருக்கும் ஒருவரை வைத்துக்கொண்டு அந்த இரண்டு பக்கத்தை முன்னாலேயே பழகிக்கொள்ளட்டும். புத்தகமே இல்லாத நாளில், சின்ன வயதில் நீங்கள் சொன்ன குரங்கு–முதலைக் கதையைத் தனக்கு வரும் தமிழில் சொல்லட்டும்.

கதைக்குச் செலவு வேண்டாம். 2012 முதல் நடக்கும் நாலிபாலி என்ற வாசிப்பு இயக்கம் நம் தென்னாப்பிரிக்க மொழிகளில் கதைகளை இலவசமாகத் தருகிறது, அச்செடுத்துக்கொள்ளலாம். தமிழ் அதில் இல்லை, ஆங்கிலத்தில் இருக்கிறது. இன்னொன்று, கடிதம். ராபன் தீவுச் சிறையில் ஆரம்பத்தில் மண்டேலாவுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம்தான். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் பார்க்க வரவும் தடை. அந்த நிலையிலும் மகள்களுக்கு எழுதினார். உங்கள் மகன் நாலு வரி எழுதி, கதையில் வரும் ஆமையையோ யானையையோ தன் கையால் வரைந்து அனுப்பினாலே பையன் எடுத்து வைத்துக்கொள்வான்.

கைதிகளுக்குப் படிக்கப் புத்தகம் கிடைக்கவும், குடும்பத்தோடு தொடர்பு இருக்கவும் 1998-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டம் இடம் தருகிறது. ஆகவே தயங்காமல் அங்குள்ள சமூகப் பணியாளரைப் பார்த்து, அச்செடுத்த தாளை எப்படிக் கொடுக்கலாம், குரலைப் பதிவு செய்ய முடியுமா என்று கேளுங்கள். ஒன்று மட்டும்: இந்த நாளில் அப்பா கட்டாயம் கூப்பிடுவார் என்று பேரனுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். போன் கிடைப்பது உங்கள் மகன் கையில் இல்லை. அங்கே என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். முடியாது என்றால் வேறு வழி பார்ப்போம்.