நீலாம்பரி என்று பெயர் வைத்தால் கேலி செய்வார்களா?

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கிறோம் சார். பெண் குழந்தை பிறந்து இரண்டு மாதம் ஆகிறது. என் கணவருடைய அப்பாயி பெயர் நீலாம்பரி. தறி வேலை பார்த்தே ஆறு பிள்ளைகளை ஆளாக்கியவர். அவர் பெயரையே வைக்க எங்கள் இருவருக்கும் ஆசை. தொட்டில் போடும் நாளில் சொன்னதும் கொழுந்தனார், "படையப்பா பேரா அண்ணி?" என்று சிரித்தார், கூடவே எல்லோரும் சிரித்துவிட்டார்கள். இப்போது குடும்ப வாட்ஸ்அப்பில், அந்தப் படத்தில் வில்லி நீலாம்பரியாக நடித்த ரம்யா கிருஷ்ணன் ஸ்டிக்கர் தினம் ஒன்று வருகிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளை அவமானப்படுமோ என்று பயமாக இருக்கிறது. வைக்கலாமா, வேண்டாமா? வைத்துவிட்டுப் பிறகு மாற்ற முடியுமா?

பதில்: வைக்கலாம் அம்மா. ஆனால் நீங்கள் பயப்படும் இடம் தப்பு, பயப்பட வேண்டிய இடம் வேறே. அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த மாவட்டத்துப் பள்ளிகளில் முப்பது வருடத்துக்கு மேல் தமிழ் வாத்தியாராக இருந்து, தினம் காலையில் வருகைப்பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிட்டவன் நான். ஒரு பெயர் பிள்ளைக்குப் பாரமா இல்லையா என்பதை அந்த ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். பெயரைச் சொன்னதும் "உள்ளேன் ஐயா" வருவதற்கு முன்னால் பின்பெஞ்சிலிருந்து வேறு ஒரு சத்தம் வருகிறதா என்று பார்த்தால் போதும்.

அந்தச் சத்தம் வில்லன் பெயருக்கு அநேகமாக வராது. காமெடிப் பெயருக்குத்தான் வரும், அதுவும் பெயரோடு ஒட்டிக்கொண்டு ஒரு வசனமோ ஒரு இழுவையோ இருந்தால்தான். 1991-ல் 'குணா' வந்தபோது கமல் "அபிராமி, அபிராமி" என்று உருகினாரே, அதற்குப் பிறகு இரண்டு மூன்று வருடம் எந்த வகுப்பில் அந்தப் பெயரைக் கூப்பிட்டாலும் எவனாவது ஒருவன் அதே குரலில் எதிரொலிப்பான், அந்தப் பிள்ளை பாவம் தலையைக் குனிந்துகொள்ளும். கமல் அந்தப் படத்தில் வில்லனும் இல்லை, அபிராமி வில்லியும் இல்லை. கத்துவதற்குத் தோதாக இருந்தது, அவ்வளவுதான். அப்புறம் ஒரு புதுப் படம் வந்தது, பையன்கள் வேறு எதையோ கத்தப் போய்விட்டார்கள், திருக்கடையூர் அம்மன் பெயர் திரும்ப அம்மனுக்கே வந்து சேர்ந்தது.

வில்லன் பெயரை ஊர் எவ்வளவு சுலபமாக மறக்கும் என்பதற்கு நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. ஏற்காடு ரோட்டில் போகும்போது மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைப் பார்த்திருப்பீர்கள். டி.ஆர். சுந்தரம் நடத்திய அந்த ஸ்டூடியோவில் எடுத்த படம் 1950-ல் வந்த 'மந்திரி குமாரி'. அதில் ராஜகுருவின் மகன் கொள்ளைக்காரன். காதலித்துக் கல்யாணம் கட்டிய பெண்ணை மலையுச்சிக்குக் கூட்டிப்போய்த் தள்ளிவிடப் பார்ப்பான், அவள் கடைசியாக மூன்று முறை சுற்றிவந்து கும்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லி அவனையே தள்ளிவிடுவாள். அந்தக் கொடுமைக்காரனின் பெயர் என்ன தெரியுமா? பார்த்திபன். இன்றைக்கு யாராவது பிள்ளைக்குப் பார்த்திபன் என்று பெயர் வைத்தால், "ஐயோ, பெண்டாட்டியை மலையிலிருந்து தள்ளினவன் பெயராச்சே" என்கிறார்களா? சேலத்திலேயே எடுத்த படம், சேலத்துக்காரர்களுக்கே ஞாபகம் இல்லை.

இன்னொன்று சொன்னால் உங்கள் கொழுந்தனார் வாயடைத்துப் போவார். படையப்பா நீலாம்பரி வானத்திலிருந்து குதித்தவள் இல்லை. பொன்னியின் செல்வன் நந்தினியை மனதில் வைத்துத்தான் அந்தப் பாத்திரத்தை உருவாக்கியதாக இயக்குநர் கே.எஸ். ரவிக்குமாரே சொல்லியிருக்கிறார். கல்கி அந்தத் தொடரை எழுதியது 1950-லிருந்து 1954 வரை. சோழர் குலத்தையே வேரறுக்கச் சபதம் போட்ட நந்தினியின் பெயரை அதற்குப் பிறகு தமிழ்நாடு எத்தனை பிள்ளைகளுக்கு வைத்திருக்கிறது! என் வகுப்பிலேயே ஒரே வருடத்தில் மூன்று நந்தினிகள் இருந்ததுண்டு, இனிஷியல் சேர்த்துத்தான் கூப்பிடுவேன். மூல வில்லி பெயர் கௌரவமாக இருக்கிறது, நகல் வில்லி பெயர் மட்டும் ஆகாதாம். என்ன நியாயமோ.

கணக்கும் போட்டுப் பாருங்கள். படையப்பா வந்தது 1999-ல். உங்கள் மகள் ஆறாம் வகுப்புக்குப் போகும்போது அந்தப் படத்துக்கு நாற்பது வயது நெருங்கியிருக்கும். நீங்கள் ஆறாம் வகுப்பு படித்தபோது நாற்பது வருடத்துக்கு முந்தைய படத்து வில்லி பெயரைச் சொல்லி யாரையாவது கேலி செய்தீர்களா? அவள் கூடப் படிக்கப்போகிற பிள்ளைகளுக்கு வேறு படம், வேறு ரீல்ஸ், வேறு கிண்டல். ஆக, கேலி செய்யப் போகிறவர்கள் வகுப்புத் தோழர்கள் இல்லை, சித்தப்பாக்களும் மாமாக்களும் கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலியில் உட்காரும் பெரியவர்களும்தான்.

காலம் எல்லாவற்றையும் அழித்துவிடும் என்றும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லமாட்டேன். நேசமணி கதை இருக்கிறதே. 'ஃப்ரெண்ட்ஸ்' படம் 2001-ல் வந்தது. வடிவேலு தலையில் சுத்தியல் விழுந்த காட்சி 2019 மே மாதம் திடீரென்று உலக அளவில் ட்ரெண்ட் ஆகி, கான்ட்ராக்டர் நேசமணிக்காக ஊரே பிரார்த்தனை செய்தது. பதினெட்டு வருடம் கழித்து! காமெடிக்குச் சாவு கிடையாது. ஆனால் கன்னியாகுமரிப் பக்கம் போனால் நேசமணி என்றதும் மார்ஷல் நேசமணிதான் நினைவுக்கு வருவார், அந்த மாவட்டம் 1956-ல் தமிழ்நாட்டோடு சேரப் போராடிய தலைவர். அங்கே அந்தப் பெயருக்கு வடிவேலு மட்டும் சொந்தக்காரர் இல்லை. அதனால், ஒரு பெயருக்கு சினிமாவைத் தவிர வேறு சொந்தக்காரர் இருக்கிறாரா என்று பார்ப்பேன் நான். கபாலிக்கு மயிலாப்பூர்க் கபாலீஸ்வரர் இருந்தார், ஆனாலும் கன்னத்தில் மச்சம் வைத்த அடியாளுக்கெல்லாம் அந்தப் பெயரை வைத்துப் பல வருடம் சினிமாக்காரர்கள் பாழாக்கினார்கள், 2016-ல் ரஜினியே வந்து மீட்க வேண்டியிருந்தது.

உங்கள் நீலாம்பரிக்குச் சொந்தக்காரர்கள் நிறைய. அது ஒரு ராகம், சங்கராபரண ராகத்திலிருந்து பிறந்தது, தாலாட்டு என்றாலே முதலில் நினைவுக்கு வருகிற ராகம். நாகப்பட்டினம் நீலாயதாட்சி மேல் முத்துசுவாமி தீட்சிதர் 'அம்ப நீலாயதாக்ஷி' என்று அதில்தான் பாடியிருக்கிறார். பெயருக்கு அர்த்தம் நீல ஆடை உடுத்தியவள். ஆயுள் முழுக்கத் தறியில் உட்கார்ந்த ஒரு பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமாக யார் பெயர் வைத்திருக்க முடியும், நீங்களே சொல்லுங்கள்.

சரி, பயப்பட வேண்டிய இடம் வேறே என்றேனே. பெயரோடு ஒட்டியிருக்கும் சினிமா ஞாபகம் பிள்ளையின் அன்றாட குணத்தைத் தொடுகிறதா என்று பாருங்கள். சந்திரமுகி என்று வைக்கலாமா என்று கேட்டால் வேண்டாம் என்பேன். நிலா முகத்தாள் என்று அருமையான அர்த்தம்தான், ஆனால் 2005-க்குப் பிறகு ஒரு பெண் குரலை உயர்த்தினாலே "சந்திரமுகியா மாறிட்டா" என்று சொல்வது ஊர்ப் பேச்சாகிவிட்டது, அந்தப் பெயருள்ள பிள்ளைக்கு ஆயுசுக்கும் கோபப்படும் உரிமை போய்விடும். நீலாம்பரியிலும் இந்தச் சிக்கல் கொஞ்சம் உண்டு, மறைக்கமாட்டேன். பதினான்கு வயதில் அவள் நிமிர்ந்து, "எனக்கு இது பிடிக்கலை" என்று சொன்னால், "பேருக்கேத்த மாதிரி திமிரு" என்று ஒரு அத்தை சொல்வாள். நிச்சயம் சொல்வாள். அதை முதல் தடவையிலேயே நிறுத்த உங்களால் முடியுமா, உங்கள் கணவர் கூட நிற்பாரா? இருவருக்கும் தெம்பு இருந்தால் வையுங்கள். வாட்ஸ்அப் ஸ்டிக்கருக்கே மனம் சுருங்குகிறது என்றால் வேறு பெயர் பாருங்கள், தப்பில்லை.

சினிமா மட்டும்தான் இப்படிச் செய்யும் என்றும் இல்லை. ஏற்காட்டிலிருந்து ஒருவர் மகளுக்கு அலெக்சா என்று வைக்கப்போவதாகச் சொன்னார், நான் வேண்டாம் என்றேன். 2014-ல் அமேசான் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் பதில் சொல்லும் கருவியை விட்ட பிறகு, அமெரிக்காவிலேயே அந்தப் பெயர் வைப்பது மளமளவென்று குறைந்துவிட்டது. படம் ஓடி முடிந்துவிடும், கருவி அப்படி இல்லை, வீட்டுக்கு வீடு உட்கார்ந்துகொண்டு அந்தப் பெயரைக் கூப்பிட்டு வேலை ஏவப் பழக்குகிறது. லைட்டைப் போடு, பாட்டை நிறுத்து என்று.

இனி மாற்றுவது பற்றி. உங்களுக்கு அவசரமே இல்லை. பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், ஆனால் அப்போது குழந்தையின் பெயர் கட்டாயமில்லை. பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம், அதற்குப் பிறகு 15 வருடம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒருமுறை பெயர் ஏறிவிட்டால் எழுத்துப் பிழையைத் திருத்தலாமே தவிர, மனசு மாறிவிட்டது என்று சொல்லிப் பிறப்புச் சான்றிதழில் வேறு பெயர் வாங்குவது நடக்காது, அரசிதழில் பெயர் மாற்றம் போட்டுத்தான் ஆக வேண்டும். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் என்று எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே முக்கிய ஆவணம். அதனால் உங்கள் கையில் இருக்கும் பத்து மாதத்தைப் பயன்படுத்துங்கள். வீட்டில் இப்போதிருந்தே அந்தப் பெயரைக் கூப்பிடுங்கள், மாடியிலிருந்து தெருவுக்குக் கேட்கிற மாதிரி கூப்பிடுங்கள், தடுப்பூசி போடப் போகிற இடத்தில் சொல்லிப் பாருங்கள். மூன்று மாதத்தில் சிரிப்பு அடங்கிவிட்டதா, இல்லை ஒவ்வொரு புது ஆளும் அதே ஜோக்கைச் சொல்கிறாரா என்பது தெரிந்துவிடும்.

பதியும்போது ஆங்கில எழுத்துக்கூட்டை ஒன்றாக முடிவு செய்துகொள்ளுங்கள். எண் கணிதக்காரர் சொன்னார் என்று நடுவில் ஒரு எழுத்தைக் கூட்டிவிட்டு, பிறகு ஆதாரில் ஒன்று பள்ளியில் ஒன்று என்று அலைந்த பெற்றோர்களைப் பார்த்தவன் சொல்கிறேன். வீட்டுப் பெயருக்கு நீலா போதும், அழகாகத்தான் இருக்கிறது.

கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தீர்கள், கொழுந்தனார் தொட்டில் பக்கம் வரும்போதெல்லாம் 'மின்சாரக் கண்ணா' பாட்டைப் போனில் போடுகிறார் என்று. அவரிடம் சொல்லுங்கள், அது வசந்தா ராகம். நீலாம்பரி கேட்க வேண்டுமென்றால் குலசேகர ஆழ்வாரின் 'மன்னுபுகழ்க் கோசலைதன்' என்ற தாலாட்டு இருக்கிறது, பலரும் அந்த ராகத்தில்தான் பாடுவார்கள். அதைப் போடச் சொல்லுங்கள், பிள்ளை தூங்கவாவது தூங்கும்.