இந்திய லொறிக்கு வர்த்தக உடன்படிக்கைச் சலுகை கிடைக்குமா?

கேள்வி: சுன்னாகத்தில் இருந்து தம்புள்ளைக்கு வெங்காயம் ஏற்றும் தொழில் செய்கிறேன். சென்னையில் உள்ள மைத்துனர் அங்கே ஒரு வியாபாரியிடம் லொறி பார்த்திருக்கிறார்: 2022ஆம் ஆண்டுத் தயாரிப்பு, டீசல், மொத்த எடை 12 தொன், பாவித்தது. இந்தியாவோடு உடன்படிக்கை இருப்பதால் இலங்கையில் வரியே இல்லை என்கிறாராம் வியாபாரி. 5 இலட்சம் இந்திய ரூபாவை உண்டியலில், அதாவது வங்கி வழியாக இல்லாமல் ஆள் மூலம், முற்பணமாக அனுப்பட்டாம். விலைச்சிட்டையிலும் விலையைக் குறைத்துப் போட்டுத் தருவாராம். நம்பி இறங்கலாமா? காங்கேசன்துறைக் கப்பலில் கொண்டுவர முடியுமா?

பதில்: முற்பணத்தை அனுப்பவேண்டாம். வியாபாரி சொன்ன நான்கு விடயங்களில் உண்மை ஒன்றுதான்: உடன்படிக்கை இருக்கிறது. இந்திய–இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 1998 டிசம்பர் 28இல் கையெழுத்தாகி, 2000 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஆனால் அது "இந்தியாவில் இருந்து வருகிற எல்லாவற்றுக்கும் வரி இல்லை" என்று எங்கும் சொல்லவில்லை.

முதலில், உடன்படிக்கை எந்த வரியைத் தொடும் என்பதைப் பாருங்கள். அது தொடுவது சுங்க இறக்குமதித் தீர்வையை மட்டும். 1989ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க உற்பத்தி வரி (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின் கீழான வரியும், 2002ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான வற் வரியும் உள்நாட்டுச் சட்டங்களின் வரிகள். அவை அப்படியே நிற்கும். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். லொறியின் விலை, காப்புறுதி, கப்பல் கூலி மூன்றும் சேர்ந்து 50 இலட்சம் இலங்கை ரூபா என்று வையுங்கள். வற் வரி வெறும் 50 இலட்சத்தின் மேல் போடப்படுவதில்லை. அதோடு 10 வீதம் கூட்டி, சுங்கத் தீர்வை, உற்பத்தி வரி போன்றவற்றையும் சேர்த்த தொகையின் மேல்தான் 18 வீதம். எல்லாத் தீர்வையும் பூச்சியம் என்றே எடுத்தாலும் 55 இலட்சத்தில் 18 வீதம், அதாவது 9.9 இலட்சம், கட்டியே ஆகவேண்டும். தீர்வை 20 வீதம் என்று கொண்டு, சலுகையால் அது முழுதாக நீங்கினால், மிச்சமாவது அந்த 10 இலட்சமும் அதன் மேல் வரும் வற் 1.8 இலட்சமும். நல்ல தொகைதான், மறுக்கவில்லை. ஆனால் "வரியே இல்லை" என்பதற்கும் இதற்கும் வெகுதூரம்.

அந்தச் சலுகையாவது உங்கள் லொறிக்குக் கிடைக்குமா? இரண்டு கதவு திறக்கவேண்டும்.

ஒன்று, பண்டக் குறியீடு, அதாவது சுங்கம் பண்டங்களை வகைப்படுத்தும் இலக்கம். சரக்கு வாகனங்கள் 8704 என்ற தலைப்பில் வருகின்றன. டீசல் எஞ்சினோடு மொத்த எடை 5 தொன்னுக்கு மேல், 20 தொன்னுக்கு மேற்படாதது 8704.22. மொத்த எடை என்பது தயாரிப்பாளர் குறித்த உச்ச எடை: வாகனமும் சுமையும் சாரதியும் எரிபொருளும் சேர்ந்தது. வெறும் வாகன எடையைப் பார்த்து 8704.21 என்று போடுவது அடிக்கடி நடக்கும் பிழை. இன்னொன்று, பெட்டி கட்டாத சசியை இறக்கினால் 8706 என்று நினைக்கிறார்கள். கபின் பூட்டிய சசி 8706 அல்ல, 8702 முதல் 8704 வரையுள்ள தலைப்புகளுக்கே போகும் என்று 87ஆம் அத்தியாயத்தின் குறிப்பே சொல்கிறது. குறியீட்டை எட்டு இலக்கம் வரை உறுதிப்படுத்திக்கொண்டு, அது இலங்கையின் எதிர்மறைப் பட்டியலில், அதாவது சலுகை கொடுக்காத பண்டங்களின் பட்டியலில், இருக்கிறதா என்று வர்த்தகத் திணைக்களத்தில் எழுத்தில் கேளுங்கள். அந்தப் பட்டியலில் 1,000க்கும் மேற்பட்ட பண்டங்கள் உள்ளன. அதில் இருந்தால் சலுகைப் பேச்சு அந்த இடத்திலேயே முடிந்தது. குறியீட்டில் சந்தேகம் என்றால், கப்பலில் ஏற்றுவதற்கு முன்பே எந்தக் குறியீடு என்று சுங்கத்திடம் முன்தீர்மானம் கேட்டு விண்ணப்பிக்கலாம். ஏற்றின பிறகு கேட்பதில் பயன் இல்லை.

இரண்டு, மூலச் சான்றிதழ், அதாவது பொருள் எந்த நாட்டில் உருவானது என்பதற்கான சான்று. உங்கள் விடயம் இடறப்போவது இங்கேதான். இந்தியாவில் வாங்கியது என்பதால் ஒரு லொறி "இந்தியப் பொருள்" ஆகிவிடாது. ஏற்றுமதி விலையில் குறைந்தது 35 வீதம் இந்தியாவில் சேர்ந்த பெறுமதியாக இருக்கவேண்டும். வெளிநாட்டில் இருந்து வந்த பாகங்களின் நான்கு இலக்கத் தலைப்பும் முடிந்த பொருளின் தலைப்பும் வேறாக இருக்கவேண்டும். பொருள் நேராக இலங்கைக்கு அனுப்பப்படவேண்டும். இலங்கைப் பாகங்கள் சேர்ந்திருந்தால் இந்தியப் பங்கு 25 வீதம் போதும், மொத்தம் 35 ஆகவேண்டும். இந்தச் சான்றிதழை இந்தியாவில் ஏற்றுமதிப் பரிசோதனைச் சபை வழங்குகிறது. அதற்குப் பாகங்களின் விலைக்கணக்கு வேண்டும். புது லொறிக்குத் தயாரிப்பாளர் அந்தக் கணக்கைத் தருவார். மூன்று நான்கு வருடம் ஓடி, கை மாறின லொறிக்கு ஒரு பழைய வாகன வியாபாரி அதை எங்கிருந்து எடுப்பார்? உள்ளூர் வர்த்தக சங்கம் ஒன்று கொடுத்த சாதாரண மூலச் சான்றிதழைக் காட்டி "இதுதான்" என்பார். அதை வைத்துச் சுங்கத்தில் சலுகை வாங்க முடியாது. ஆகவே பாவித்த லொறிக்கு இந்தச் சலுகையை எண்ணிக் கணக்குப் போடவேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

சலுகை இல்லாமலே இறக்குவதானாலும் அனுமதி வேறு விடயம். 1969ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க இறக்குமதி ஏற்றுமதி (கட்டுப்பாட்டு) சட்டத்தின் கீழ் வரும் வர்த்தமானிகள்தான் எந்த வாகனம், எத்தனை வயது வரை, என்ன நிபந்தனையில் வரலாம் என்று தீர்மானிக்கின்றன. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியைக் கட்டம் கட்டமாகத் திறந்து, 2025 பெப்ரவரி 1 முதல் தனியார் வாகனங்களையும் அனுமதித்தார்கள். வயதெல்லை வாகன வகைக்கு வகை வேறு. தயாரித்த திகதியில் இருந்து கப்பல் ஏற்றுச்சீட்டுத் திகதி வரை எண்ணுவார்கள். கப்பல் ஒரு மாதம் பிந்தினால் வயது கடந்துவிடும். இந்தியப் பதிவுப் புத்தகத்தில் உள்ள பதிவுத் திகதியைத் தயாரிப்புத் திகதி என்று எடுக்கவேண்டாம். சசி இலக்கத்தை வைத்துத் தயாரிப்பாளரிடம் மாதத்தைக் கேட்டு வாங்குங்கள்.

உண்டியல் பேச்சை அடியோடு விடுங்கள். வாகனத்துக்கு வங்கியில் நாணயக் கடிதம் (எல்.சி.), அதாவது ஆவணங்கள் சரியாக இருந்தால் விற்பவருக்குக் காசு கொடுப்பதாக வங்கி தரும் உறுதி, திறக்கவேண்டும். உண்டியல் காசு 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்துக்கு முரண்; அதற்கு மேல், வியாபாரி ஏமாற்றினால் காசு கொடுத்ததற்கு உங்களிடம் ஒரு துண்டுக் காகிதமும் இராது. நாணயக் கடிதத்தில் விற்பவர், ஏற்றும் நாடு, சசி இலக்கம், எஞ்சின் இலக்கம் எல்லாம் விலைச்சிட்டையோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்தவேண்டும். வாகனம் ஒரு நாட்டில் இருந்து வர, நாணயக் கடிதம் இன்னொரு நாட்டவர் பேரில் திறந்த காரணத்தால் 2025இல் பல வாகனங்கள் சுங்கத்தில் மாட்டின. இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: வங்கி பார்ப்பது காகிதத்தை மட்டும், லொறியை அல்ல. காகிதம் சரியாக இருந்தால், வந்தது ஓட்டை லொறி என்றாலும் வங்கி காசு கொடுக்கும். அதனால் ஏற்றுவதற்கு முந்திய பரிசோதனைச் சான்றிதழையும், இந்தியப் போக்குவரத்து அலுவலகத்தின் ஆட்சேபனையின்மைச் சான்றையும், லொறியில் கடன் இருந்திருந்தால் அது தீர்ந்ததற்கான 35ஆம் இலக்கப் படிவத்தையும் நாணயக் கடிதத்திலேயே கட்டாய ஆவணங்களாக எழுதுவியுங்கள்.

விலையைக் குறைத்துப் போடும் யோசனை உங்களைத்தான் அழிக்கும், வியாபாரியை அல்ல. சுங்கப் பிரகடனத்தில் கையெழுத்து உங்களுடையது. பொருளும் பிரகடனமும் பொருந்தாவிட்டால் சுங்கக் கட்டளைச் சட்டத்தின் 47ஆம் பிரிவின் கீழ் லொறியே பறிமுதலாகலாம். தவறான பெறுமதிக்கு 52ஆம் பிரிவு இருக்கிறது. கட்டுப்பாட்டை மீறி இறக்கினால் 129ஆம் பிரிவில் பெறுமதியின் மூன்று மடங்கு வரை தண்டம்.

காங்கேசன்துறை பற்றி: 2023 ஒக்டோபர் 14இல் நாகபட்டினத்துடன் தொடங்கியது பயணிகள் சேவை. லொறி கொழும்பிலோ அம்பாந்தோட்டையிலோதான் இறங்கும். யாழ்ப்பாணம் வரை ஓட்டிவரும் செலவையும், பதிவுக்கான அலைச்சலையும், லொறிக்கு வருடாந்தம் எடுக்கவேண்டிய தகுதிச் சான்றிதழையும் விலையோடு கூட்டுங்கள்.

வேறு வழி வேண்டுமானால், இந்தியத் தயாரிப்பாளரின் இலங்கை முகவரிடம் கபின் பூட்டிய புதுச் சசியின் விலையைக் கேட்டு, பெட்டியை இங்கேயே கட்டுவிக்கும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூலச் சான்றிதழும் நாணயக் கடிதமும் அவர்கள் பொறுப்பு.

இதையெல்லாம் மீறி இறக்கி, சுங்கம் கைப்பற்றிவிட்டால் ஒரு நாளையும் வீணாக்காதீர்கள். சுங்கக் கட்டளைச் சட்டத்தின் 154ஆம் பிரிவின்படி கைப்பற்றிய நாளில் இருந்து ஒரு மாதத்துக்குள் எழுத்தில் உரிமை கோரி, பிணையும் கொடுக்கவேண்டும். தவறினால் லொறி அரசுக்குப் போய்விடும். தண்டத்தைக் குறைக்கும்படி 163ஆம் பிரிவின் கீழ் பணிப்பாளர் நாயகத்திடம் கேட்கலாம். சுங்கத்தின் முடிவை எதிர்த்து எழுத்தாணை (ரிட்) மனு போடுவதானால் யாழ்ப்பாண மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகவேண்டாம். சுங்கம் மாகாண சபை நிரலில் உள்ள விடயம் அல்ல. அரசியலமைப்பின் 140ஆம் உறுப்புரையின் கீழ் கொழும்பில் உள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கே போகவேண்டும். ஒரு மாத அறிவித்தலை மட்டும் அதற்காகக் காத்திருந்து தவறவிடாதீர்கள்.