கழுத்தில் மட்டும் எரிச்சலும் கீறலும்: பதில்

வணக்கங்க. மடக்குச் சவரக்கத்தியில் கன்னம் நன்றாக வருகிறது, கழுத்தில்தான் எரிச்சலும் கீறலும், சோப்பும் சரியாக நுரைப்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். திருப்பூரில் போர்த் தண்ணீர் என்றதுமே பாதி விடை கிடைத்துவிட்டது. உப்புத் தண்ணீரில் இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் சோப்பைத் திரித்துவிடும், நுரை நிற்காது. ஒரு சொம்பு குடிதண்ணீரைச் சுடவைத்து அதில் பிரஷ்ஷை நனைத்துப் பாருங்கள்.

அப்புறம் கழுத்து. அங்கே முடி ஒரே பக்கமாக வளராது. இரண்டு நாள் தாடியை விரலால் தடவுங்கள். வழவழவென்று போகிற திசைதான் கத்திக்கும் திசை. பலருக்குக் குரல்வளைக்குக் கீழே அது மேல்நோக்கியே இருக்கும். மற்றக் கையால் தோலை இறுக்கி இழுத்து, கத்தியின் முதுகை 30 டிகிரி போலத் தூக்கி, அழுத்தாமல் குட்டிக்குட்டியாக வழியுங்கள். கூர் தோலில் பட்டிருக்கும்போது கத்தியைப் பக்கவாட்டில் மட்டும் இழுத்துவிடாதீர்கள், ஆழமாக வெட்டிவிடும். குரல்வளை மேட்டில் தோலை ஓரமாக நகர்த்திப் பிடித்தால் சமமாகிவிடும்.

முடியைப் பிடுங்குவதுபோல் இருந்தால் கத்தியைத் தோல் வாரில், அதாவது சவரக்கத்தி தீட்டுவதற்கென்றே உள்ள தோல் பட்டையில், தீட்டவேண்டும். முதுகு முன்னே, கூர் பின்னே. திருப்பும்போது முதுகின் மேலேயே உருட்டுங்கள், இல்லையென்றால் வாரும் கிழியும் கூரும் போகும். இடுப்பு பெல்ட்டில் தீட்டச் சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

சின்னக் கீறலுக்கு ஈரப் படிகாரம் போதும். எரிச்சல் ஆறும்வரை கழுத்துக்குச் சாதாரண ரேசரே போட்டுக்கொள்ளுங்க, அவசரமில்லை.